மூன்றாவது பெட்டிக்கு இடமில்லை

எங்கள் வாஷிங் மெஷின் கெட்டுப்போன வருஷம்தான் தேனீக்கள் வந்தன. மாற்றவேண்டிய சாமான் மெயின்லேண்டிலிருந்து எங்கள் தீவுக்குக் கப்பலில் வரவேண்டும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். அதுவரை இருக்கட்டும் என்று மெஷினை வீட்டுக்குப் பின்னால் கொய்யா மரத்தடியில் தள்ளி வைத்திருந்தோம். ஒரு நாள் ஸ்கூலில் பாடம் எடுத்துவிட்டு வந்து துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, கரண்டே கொடுக்காத அந்த மெஷின் மெல்ல ஓடுவது போலச் சத்தம் கேட்டது. குனிந்து பார்த்தேன். தண்ணீர் வெளியேறும் ஓட்டை வழியாகத் தேனீக்கள் போவதும் வருவதுமாக இருந்தன.

பயந்திருக்க வேண்டியவள்தான். ஆனால் அந்தச் சின்ன இருட்டுக்குள் என்ன செய்துகொண்டிருக்கும் என்பதைத் தவிர வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை. இரண்டு தேனீக்கள் வாசலில் நின்று ஓயாமல் சிறகடித்துக்கொண்டிருந்தன. பறக்கவும் இல்லை, நகரவும் இல்லை. உள்ளே இருப்பவர்களுக்கு விசிறிவிடுவது போல இருந்தது. பிற்பாடு தெரிந்தது, அது உண்மையிலேயே விசிறல்தான்.

என் கணவர் ஹார்பர் ஆபீஸில் வேலை பார்க்கிறார். இந்தத் தீவிலேயே பிறந்து வளர்ந்தவர், அவருடைய தமிழில் பாதி ஹிந்தி. மாலையில் வந்து பார்த்துவிட்டு, "அரே, இது கத்ரா ஆச்சே. கொட்டிச்சுன்னா ஆபத்து. யாரையாவது கூப்பிட்டு எடுத்துடச் சொல்லு," என்றார்.

நான் யாரையும் கூப்பிடவில்லை. விவசாயத் துறைக்காரர்கள் தேனீ வளர்ப்புப் பயிற்சி நடத்துவது தெரிந்து, லீவு போட்டுவிட்டுப் போனேன். திரும்பி வரும்போது கையில் ஒரு மரப்பெட்டி இருந்தது. பயிற்சி கொடுத்தவரே ஒரு நாள் வீட்டுக்கு வந்து மெஷினைக் கழற்றினார். துணி சுழலும் டிரம்முக்கு வெளியே, வளைவுக்கு ஏற்றபடி வளைந்து, அடைகள் வரிசையாகத் தொங்கின. அவற்றை அறுத்து வாழைநாரால் மரச்சட்டங்களில் கட்டிப் பெட்டிக்குள் இறக்கினோம். ராணி உள்ளே போனதும் மற்றவை தாமாகவே வரிசை பிடித்து நடந்து போயின. ஆயிரக்கணக்கான கால்கள் நடக்கும்போது ஒரு சத்தமும் வராது என்பதை அன்றுதான் கவனித்தேன்.

அடுத்த பூப்பருவத்தில் அந்தக் கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. பழைய ராணி பாதிப் பேரை அழைத்துக்கொண்டு வெளியேற, அந்தக் கூட்டம் கொய்யாக் கிளையில் தாடி மாதிரித் தொங்கியது. அவர்களுக்காக இன்னொரு பெட்டி வாங்கினேன். அதற்கடுத்த வருஷம் இரண்டும் பிரியப் பார்த்தன. ஸ்கூலில் நான் கணக்கு டீச்சர். இரண்டு நான்காகி, நான்கு எட்டாகி எங்கே போய் நிற்கும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

எங்களுடையது சாத்தம் பாலத்துக்கு இந்தப் பக்கம், மேட்டில் இருக்கும் அரசாங்கக் குவார்ட்டர்ஸ். ஒரு கொய்யா, ஒரு முருங்கை, துணிக்கொடி, தண்ணீர் டிரம்கள். அதற்கு மேல் அங்கே இடமில்லை. வெயில் காலத்தில் குழாயில் என்றைக்குத் தண்ணீர் வரும் என்று சொல்ல முடியாது. எல்லார் வீட்டிலும் நீல டிரம்களில் பிடித்து வைப்போம். எங்கள் டிரம் இருக்க, பக்கத்து வீட்டு டிரம்மைத்தான் தேனீக்கள் தேர்ந்தெடுத்தன. அந்த வீட்டு வங்காளி தீதி ஒரு நாள் மதில் மேல் கையை ஊன்றிக்கொண்டு, "டீச்சர், ஆப்கா மக்கி லோக் மேரா பானி பீத்தா ஹை," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. என் வீட்டு ஆட்கள் அவர் வீட்டில் வந்து தண்ணீர் குடிக்கிறார்கள் என்று ஒரு தகவல் மாதிரிதான் சொன்னார். ஆனாலும் தண்ணீர்த் தட்டுப்பாட்டுக் காலம்.

அன்று இரவுச் சாப்பாட்டில் வீட்டுச் சட்டம் போடப்பட்டது.

"ரெண்டு பெட்டி. பஸ், அவ்வளவுதான்," என்றார் என் கணவர். "மூணாவது வந்தா நான் ஆபீஸ்லயே படுத்துக்கறேன்."

"ரெண்டுதான்," என்றேன். எனக்கும் அதுவே போதும் என்றுதான் இருந்தது. தேன் விற்கும் எண்ணம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்து பார்ப்பதற்கு இரண்டு வாசல் தாராளம்.

சட்டம் போடுவது சுலபம். தேனீக்களுக்கு யார் சொல்வது? முதலில், புது ராணி வளரும் அறைகளைக் கிள்ளிப் பார்த்தேன். அடையின் அடியோரத்தில் நிலக்கடலை மாதிரித் தொங்கும். எவ்வளவு தேடினாலும் ஒன்று மட்டும் ஏதாவது மூலையில் தப்பிவிடும். அந்த ஒன்று போதும் அவர்களுக்கு.

பிறகு, பிரிந்த கூட்டத்தைப் பழையதோடு சேர்த்துவைக்கலாம் என்று படித்தேன். ஒரு பெட்டியின் மேல் செய்தித்தாளை விரித்து அடுத்த பெட்டியை வைத்துவிட்டால், இரண்டு பக்கத்தாரும் தாளைக் கடித்து வழி உண்டாக்குவதற்குள் வாசனை பழகிவிடுமாம். ஒரே பெட்டியில் இரண்டு ராணிகள் இருக்க மாட்டார்கள் என்பதால், அதற்கு முன் ஒரு ராணியை நாமே கொல்ல வேண்டும். அவளைத் தேடிக் கண்டுபிடித்தேன். மற்றவர்களைவிடக் கொஞ்சம் நீண்ட உடம்பு, அவசரமே இல்லாத நடை. விரலைப் பக்கத்தில் கொண்டுபோனேன். அவள் விரலைச் சுற்றிக்கொண்டு நடந்து, ஒரு காலி அறைக்குள் தலையை விட்டுப் பார்த்தாள். நான் மரச்சட்டத்தை அப்படியே உள்ளே இறக்கி மூடிவிட்டேன்.

இரண்டு ராணிகளோடும் செய்தித்தாளை விரித்தேன். மறுநாளிலிருந்து பெட்டி வாசலில் காகிதத் தூள் கொட்ட ஆரம்பித்தது. சில துணுக்குகளில் அரை எழுத்து, கால் எழுத்து இருந்தது. அதை வாசிக்க முடிகிறதா என்று குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சில நாள் கழித்து அந்தத் தூளுக்கு நடுவே ஒரு ராணி செத்துக் கிடந்தாள். எறும்புகள் வந்திருந்தன. நான் விரலை நீட்டியது இவளிடமா உள்ளே இருப்பவளிடமா என்று எனக்குத் தெரியவில்லை. கொல்லாமல் விட்டதில் யாருக்கு என்ன லாபம் என்று அன்று முழுக்க யோசித்தேன். அதன்பிறகு அந்த வழிக்குப் போகவில்லை.

என் ஸ்கூல் அக்கரையில், பாம்பூஃப்ளாட்டில். தினமும் சாத்தம் ஜெட்டியில் ஃபெர்ரி ஏறிப் போகிறேன். அங்கே என்னோடு வேலை பார்க்கும் டீச்சர் ஒருத்தி, ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்த முஸ்லிம் வியாபாரக் குடும்பத்துப் பெண். ஸ்கூலை ஒட்டியே அவள் வீடு, முன்னால் அவள் கணவரின் டீக்கடை. ஸ்டாஃப் ரூமில் ஒரு நாள், "அக்கா, எங்க பாவக்காக் கொடியில பூவெல்லாம் சும்மா கொட்டிருது. ஒரு காய் நிக்க மாட்டேங்குது," என்றாள்.

"தேனீ வேணுமா?" என்று கேட்டேன்.

"கொட்டுமா?"

"கொட்டும். ஆனா காய் நிக்கும்."

அவள் சிரித்தாள். மறுநாள், "எங்க வீட்ல கேட்டேன். சரின்னுட்டாங்க," என்றாள்.

அந்த வருஷம் பிரிந்த கூட்டத்தைப் பெட்டியில் அடைத்து, வாசலில் கம்பி வலை கட்டி, முதல் ஃபெர்ரிக்கு எடுத்துப்போனேன். என் கணவர் ஜெட்டி வரை சுமந்து வந்தார். படகில் டிக்கெட் பார்ப்பவர் பெட்டியைத் தொட்டுப் பார்த்து, "டீச்சர், இஸ் மே க்யா ஹை?" என்றார். உள்ளே இருப்பது மதுமக்கி, தேனீ, என்றேன். கையை எடுத்துவிட்டார். அந்த ஃபெர்ரியில் எனக்கு உட்கார இடம் கிடைப்பதே அபூர்வம். அன்று ஒரு பெஞ்சு முழுக்க எனக்கும் பெட்டிக்கும்தான்.

துறைமுகத்தின் நடுவில் போகும்போது வலையின் ஓரத்தில் எங்கோ இடைவெளி கண்டு ஒரே ஒரு தேனீ வெளியே வந்தது. படகுக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றியது. இன்னொரு சுற்று, கொஞ்சம் பெரிதாக. பிறகு வெளிச்சத்தில் எனக்குக் கண் கூசியது, அது எந்தப் பக்கம் போனது என்று பார்க்க முடியவில்லை. திரும்பி வீட்டுக்கா? பெட்டி போகும் பக்கமா? கரைக்குக் கரை கண்ணுக்குத் தெரியும் தூரம்தான், ஆனால் இடையில் கடல். ரோட்டில் சுற்றி வந்தால் வெகு தூரம். தேனீ எந்தக் கணக்கில் பார்க்கும்? அன்று வகுப்பில் இரண்டு தடவை தப்பாகக் கூட்டினேன்.

கேள்வி மனதைவிட்டுப் போகவில்லை. பெட்டியைக் கொஞ்ச தூரம் மட்டும் நகர்த்தினால் தேனீக்கள் பழைய இடத்துக்கே திரும்பிவிடும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். கடலைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அப்படியானால் நானே பார்த்துவிடலாம் என்று தோன்றியது. மறுநாள் இன்டர்வெல்லில் அவள் வீட்டுக்குப் போய், பெட்டி வாசலில் மஞ்சள் தூளை லேசாகத் தூவினேன். வெளியே வந்தவையெல்லாம் முதுகில் மஞ்சளோடு பறந்தன.

"கல்யாணத்துக்குப் போற மாதிரி இருக்கு," என்றாள் அவள்.

மாலையில் வீட்டில் தேடினேன், ஒன்றும் இல்லை. அடுத்த நாள் காலையில் தீதியின் டிரம் விளிம்பில் மஞ்சள் பூசிய தேனீ ஒன்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. உள்ளே ஓடிப்போய்ப் பல் துலக்கிக்கொண்டிருந்த என் கணவரை இழுத்து வந்து காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். தீதியும் வந்து பார்த்தார். பிறகு தீதி மதிலின் அந்தப் பக்கம் கையைக் காட்டினார். அங்கே அவருடைய பூசணிக்கொடி பூத்திருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பூவுக்குள்ளிருந்து உடம்பெல்லாம் மஞ்சள் மகரந்தத்தோடு இன்னொரு தேனீ வெளியே வந்தது.

"ஹல்தித் தூளுக்கும் பூசணிப் பூவுக்கும் வித்தியாசம் தெரியலையே, டீச்சரம்மா," என்று சொல்லிவிட்டு என் கணவர் பல் துலக்கப் போய்விட்டார்.

எந்தப் பூவிலும் இல்லாத நிறம் வேண்டும். என் மேஜையிலேயே இருந்தது. நீலச் சாக்பீஸை நொறுக்கி, மெல்லிய துணியில் சலித்து, மறுபடி வாசலில் தூவினேன். நீலத் தேனீக்கள் கிளம்பிப் போயின. அன்று மதியமே டீக்கடையிலிருந்து அவள் கணவர் ஆளனுப்பினார். போய்ப் பார்த்தால் கண்ணாடி அலமாரிக்குள் ஜிலேபி மேல் இரண்டு நீலத் தேனீக்கள்.

"இது உங்க ஆளுங்கதானே டீச்சர்?" என்றார். "சாப்பிட்டுப் போகட்டும். வர்றவங்கதான் ஜிலேபியில நீலம் ஏன்னு கேக்குறாங்க."

எங்கள் பக்கம் அந்த வாரம் முழுக்க நான் தேடினேன். ஆச்சரியம், தீதியும் தேடினார். காலையில் மதிலுக்கு மேலே தலை தெரியும். "நீலா நஹி ஆயா," என்பார். நீலம் வரவில்லை. என் கணவர் ஜெட்டிப் பக்கம் வேலையாகப் போகும்போதெல்லாம் அங்கே பூத்திருந்த செடிகளை நின்று பார்த்தாராம். அவர் சொல்லவில்லை, அவரோடு வேலை பார்ப்பவர் சொல்லித் தெரிந்தது.

ஆகவே, என் தேனீக்கள் கடலைத் தாண்டி வரவில்லை. அல்லது வந்த ஒன்றிரண்டை நாங்கள் பார்க்கவில்லை. அல்லது சாக்பீஸ் தூள் காற்றில் உதிர்ந்துவிட்டது. ஒரு விடை என்று எழுதிக் கீழே கோடு போட முடியாது. படகின் நடுவில் வெளியே வந்த அந்த ஒன்று எங்கே போனதோ, அதுவும் தெரியாது. பாவக்காய் மட்டும் காய்த்தது. ஒரு பை நிறையக் கொண்டுவந்து கொடுத்தாள்.

இதற்கு அடுத்த பூப்பருவத்தில், ஒரு ஞாயிறு காலை, எங்கள் பெட்டி ஒன்று மறுபடி பிரிந்தது. வாசலிலிருந்து தேனீக்கள் கொட்டிய மாதிரி வெளியே வந்து முற்றத்துக்கு மேலே சுழன்றன. என் கணவர் காலிப் பெட்டியை எடுக்கப் போனார். அவர் போட்ட சட்டத்தை அவரே மறந்துவிட்டார்.

"வேண்டாம்," என்றேன். "எங்க போகுதுன்னு பார்ப்போம்."

இருவரும் பின்னால் நடந்தோம். கூட்டம் சரிவில் இறங்கியது, நாங்கள் படி வழியாக இறங்கினோம். பாலத்துக்குப் பக்கத்தில் ரோட்டுக்கு மேலே வந்தபோது ஸ்கூட்டர்காரர்கள் நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள். கடலோரம் வரை போய்த் தயங்குவது போல ஒரே இடத்தில் சுழன்றது. பிறகு பின்வாங்கி, ரோட்டோரத் தூங்குமூஞ்சி மரத்தின் உயரமான கிளையில் போய் அடைந்தது. அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றோம். கிளையின் கருப்பு மெல்ல நீண்டது.

"பிடிச்சுப் பெட்டியில வைக்கலைன்னா கஷ்டமா இல்லையா உனக்கு?" என்றார்.

"கொஞ்சம் இருக்கு," என்றேன். "ஆனா மழைக்கு முன்னாடி அவங்களே எங்கயாவது பொந்து தேடிப்பாங்க. முதல் தடவை பொந்து தேடித்தான் நம்ம மெஷினுக்கு வந்தாங்க."

மறுநாள் ஃபெர்ரிக்குப் போகும்போது கிளையில் இருந்தார்கள். அதற்கடுத்த நாளும். பிறகு ஒரு காலையில் கிளை வெறுமையாக இருந்தது. மரத்தடியில் கடை வைத்திருப்பவரைக் கேட்டேன். அவர் கவனிக்கவில்லை என்றார்.

வீட்டில் அவர்கள் விட்டுப்போன பெட்டியில் புது ராணி பிறந்திருந்தாள். அவள் முட்டையிட ஆரம்பித்தாளா என்று பார்க்க வேண்டியிருந்தது. அவசரப்பட்டுத் திறந்தால் கலைந்துவிடுவார்கள் என்று சில வாரம் பொறுத்தேன். காற்றில்லாத ஒரு காலையில் லேசாகப் புகை காட்டி, நடுச் சட்டத்தைத் தூக்கி வெயில் பக்கம் திருப்பினேன். அறைகளின் அடியில், நொய்யரிசியைவிடச் சின்னதாக, வெள்ளையாக, ஒவ்வொன்றிலும் ஒரு முட்டை செங்குத்தாக நின்றிருந்தது.

"எங்க? எனக்கு ஒண்ணும் தெரியலையே," என்றார் என் கணவர். முகத்தில் என் பழைய துப்பட்டாவைச் சுற்றியிருந்தார்.

"கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பாருங்க. அறைக்கு உள்ள, அடியில."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். தேனீக்கள் அவர் விரல் மேல் ஏறி இறங்கின. அவர் கையை எடுக்கவில்லை.

"அச்சா," என்றார். இன்னும் கிட்டே குனிந்து, "இது எப்படி சாயாம நிக்குது?" என்று கேட்டார்.

எனக்கும் தெரியாது. இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.