பதுங்கு குழிக்குள் நானே இறங்குவேன்

கோப்பாயில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் முகம் கழுவக் குனிந்தேன். நிமிரும்போது வலது முழங்கால் மடிந்து, வாளியோடு பக்கவாட்டில் சரிந்தேன். எலும்பு எதுவும் முறியவில்லை. ஆனால் என்னைத் தூக்கி நிறுத்தத் தம்பி செல்வராசாவும் அவன் மனைவி புவனமும் பட்ட பாடு விழுந்ததைவிட அதிகம் வலித்தது. அப்போது எனக்கு அறுபது கடந்திருந்தது. தையல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். திருமணம் செய்யாததால் தம்பி குடும்பத்தோடு இருந்தேன்.

அதன்பின் வீட்டில் எல்லோருக்கும் ஒரே சொல்தான். தண்ணீர் எடுக்க எழும்பினால், "நீங்கள் இருங்கோ அக்கா." செடியில் பூ ஆய எழும்பினால், "இருங்கோ மச்சாள்" என்பாள் புவனம். தம்பி நான் உட்காரக் கைபிடி வைத்த கதிரை ஒன்றை விறாந்தையில் போட்டுத் தந்தான். அன்புதான். ஆனால் அதில் இருக்க இருக்கப் பருத்தேன். பருக்கப் பருக்க எழும்புவது கடினமானது. மலசலகூடம் வீட்டு வளவின் கோடியில் இருந்தது. அவ்வளவு தூரம் நடக்கப் பயந்து தண்ணீர் குடிப்பதையே குறைத்தேன். இதை வாசிக்கும் உங்களில் சிலர் இப்போதும் அப்படித்தான் செய்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும்.

தொண்ணூறாம் ஆண்டில் யாழ்ப்பாணத்தில் சண்டை மறுபடி தொடங்கியது. தம்பி வீட்டுக்குப் பின்னால் பதுங்கு குழி வெட்டி, மேலே பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை போட்டான். மண்ணில் வெட்டிய படிகள் செங்குத்தானவை. என்னால் இறங்க முடியவில்லை. குண்டுபோடும் விமானம் முதன்முதலில் வந்த அன்று புவனத்தை உள்ளே அனுப்பிவிட்டு, தம்பி என் பக்கத்தில் வந்து நிலத்தில் இருந்தான்.

"உள்ளுக்குப் போடா," என்றேன்.

"உங்களை விட்டிட்டுப் போகமாட்டன்."

குண்டு வேறு ஊரில் விழுந்தது. ஆனால் குழியிலிருந்து வெளியே வந்த புவனம் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவளைக் குறை சொல்ல முடியாது. என் உடம்பு அவள் புருஷனை மேலே பிடித்து வைத்திருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது.

பெற்றோல் தடைப்பட்டிருந்ததால் மண்ணெண்ணெயில் ஓடும் வாடகைக் கார் ஒன்றில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். எனக்கு இருப்பது ஒஸ்டியோஆத்ரைற்றிஸ் (மூட்டில் எலும்புகள் உரசாமல் காக்கும் குருத்தெலும்பு தேய்ந்துபோதல்) என்றார் டொக்டர். தேய்ந்தது திரும்ப வளராது. எடையைக் குறைக்க வேண்டும், நடக்க வேண்டும்.

"நடந்தா விழுறா டொக்டர்," என்றான் தம்பி.

"நடக்காததாலைதான் விழுறா."

பிசியோதெரப்பிஸ்ட் (பயிற்சியால் உடம்பைத் தேற்றுபவர்) ஓர் இளம் பெண். சமநிலைப் பயிற்சி (விழாமல் நிற்க உடம்பைப் பழக்குவது) சொல்லித் தந்தார். ஜன்னல் கம்பியைப் பிடித்து ஒற்றைக் காலில் நிற்பது. கையூன்றாமல் கதிரையிலிருந்து எழும்புவது. ஒரு காலின் குதி மற்றக் காலின் விரலைத் தொடும்படி அடி வைத்து நடப்பது. "கொஞ்சம் நோகும் அம்மா. பயப்படாதேங்கோ. மூட்டு வீங்கினா மட்டும் நிப்பாட்டுங்கோ," என்றார்.

சீனி கடைகளிலேயே இல்லை. அதை விடுவது சுலபம். சோறும் தேங்காய்ப்பூ போட்ட புட்டும்தான் கஷ்டம். சோற்றைப் பாதியாக்கி, மீதி இடத்தைக் கீரையால் நிரப்பினேன். பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால் சிரித்தாள். "சனம் சாப்பாடில்லாமல் கிடக்குது. உவ மெலியப் பார்க்கிறா."

"ஓம். மெலியத்தான் போறன். இருந்து பார்," என்றேன்.

ஒரு நாள் குதியும் விரலுமாக நடந்தபோது விழுந்து மணிக்கட்டு சுளுக்கிவிட்டது. தம்பி கத்தினான். "இனி உந்தக் கூத்து வேண்டாம் அக்கா!"

"நீ மேலை இருந்து சாகிறதைவிட நான் பழகி விழுறது நல்லது."

அவன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டான். அடுத்த நாள் ஒரு கையில் கட்டோடு, மறு கையால் ஜன்னலைப் பிடித்து நின்றேன். முதுகுக்குப் பின்னால் யாரோ வந்து நிற்பது தெரிந்தது. புவனம், இரண்டு கையையும் விரித்தபடி.

"பிடிக்கமாட்டன் மச்சாள். விழுந்தா மட்டும்தான் பிடிப்பன்," என்றாள்.

அன்றிலிருந்து நாங்கள் இருவர். கட்டு அவிழ்த்தபின் குழிப் படிகளிலேயே பழகினோம். படியைப் பார்த்தபடி பின்பக்கமாக இறங்குவேன். இறங்கும்போது நோகிற கால் முதலில், ஏறும்போது நல்ல கால் முதலில். சட்டைகள் தளர, நானே பிடித்துத் தைத்தேன். அதற்குப் பல மாதங்கள் எடுத்தன. நடுவில் எடை குறையாமல் நின்ற மாதங்களும் உண்டு, அப்போதும் விடவில்லை.

பிறகு ஒரு மத்தியானம் விமானம் வந்தது. நானும் புவனமும் குசினியில் சமைத்துக்கொண்டிருந்தோம். அவளை முன்னால் அனுப்பினேன். மண்சுவரைப் பிடித்து, ஒவ்வொரு படியாக, என் கால்களாலேயே இறங்கினேன். மேலே தோட்டத்திலிருந்து ஓடிவந்த தம்பி வீட்டுக்குள் என்னைத் தேடுவது கேட்டது. "அக்கா! அக்கா!"

"டேய், நான் இஞ்சை இருக்கிறன்! கெதியா வா!"

அவன் உள்ளே குதித்தான். அடுத்த கணம் நிலம் குலுங்கியது. குற்றிகளுக்கிடையிலிருந்து மண் கொட்டியது. வீட்டு ஓடுகள் நொறுங்குவது கேட்டது. சத்தம் அடங்கியபோது தம்பி என் முழங்காலில் முகத்தை வைத்து அழுதான். நோகிற முழங்கால். எடு என்று நான் சொல்லவில்லை.

உங்களுக்கும் "இருங்கோ" என்று சொல்ல அன்பானவர்கள் இருப்பார்கள். அவர்களோடு சண்டை பிடியுங்கள். எழும்புங்கள்.

என் முழங்கால்கள் சுகமாகவில்லை. ஆனால் முன்பு என் உடம்பு நான் சுமந்த மூட்டை. இப்போது பாதத்தின் எந்த விளிம்பில் பாரம் நிற்கிறது என்றுகூடத் தெரிகிறது. நேற்றுச் சந்தைக்கு நடந்து போனேன். பாதி வழியில் நோவு வந்து ஒரு மதிலில் கை வைத்து நின்றேன். சைக்கிளில் வந்த ஒருவர், ஏற்றிக்கொண்டு போகட்டுமா என்று கேட்டார்.

"வேண்டாம் தம்பி, நான் நடந்து வாறன்."

நோவு அடங்க எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம் நின்றேன். அந்த நேரமும் என்னுடையதுதான். பிறகு நடந்தேன்.