அக்காவின் கைக்காக ஒரு இயந்திரம்

குட்டி யானை மினி லாரியின் பின்கதவைத் திறந்தபோது முதலில் கண்ணில் பட்டவை துருப்பிடித்த நான்கு கால்கள். சாக்கு போட்டு மூடி, படுக்கவைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். இரண்டு பேர் சேர்ந்து இறக்கி நிமிர்த்திய பிறகுதான் அதன் உருவம் புரிந்தது. இடுப்பளவு உயரத்தில் வெள்ளை எனாமல் பூசிய வட்டத் தொட்டி. தொட்டியின் விளிம்பை ஒட்டி ஒரு கம்பம். கம்பத்தின் தலையில், கரும்பு ஜூஸ் மிஷினில் இருப்பதுபோல, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ரப்பர் உருளைகள். அவை கல்லாக இறுகி, வெடித்துக் கிடந்தன. தொட்டிக்குள் எலி குட்டி போட்ட கந்தல். "துணி தோய்க்கிற மிஷின் பாப்பா. அந்தக் காலத்து மிஷின்" என்றார் மாமா. அவர் என் அக்காவின் கணவர். செஞ்சியில் மோட்டார்களுக்குக் காயில் கட்டும் வைண்டிங் கடை வைத்திருப்பவர். அவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்த ஆசையைக் கண்டபோது எனக்கு ஆத்திரமாக வந்தது. உள்ளே அக்கா தண்ணீர் குடிக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கத் தொடங்கி நான்கு நாட்கள் ஆகியிருந்தன.

அக்காவுக்கு முதுகுத்தண்டில் கட்டி. சிங்கவரத்துப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்துக்கொண்டிருந்தவள், தினமும் சைக்கிளில் போய் வந்தவள், ஆறே மாதத்தில் இடுப்புக்குக் கீழே எதுவும் தெரியாதவளாகிவிட்டாள். சிறுநீர் போவதும் தெரியாது. குழாய் வைத்தார்கள், இரண்டு முறை சீழ் பிடித்துக் காய்ச்சல் வந்ததால் எடுத்துவிட்டார்கள். டயப்பர் போட்டோம், தொடையிடுக்கெல்லாம் புண். கடைசியில் பழைய புடவைகளையும் பருத்தி விரிப்புகளையும் மடித்து மடித்துப் போட்டு மாற்றுவது என்று ஆனது. ஒரு நாளைக்கு ஏழு எட்டு முறை. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. திண்டிவனத்தில் என் தையல் வேலையை விட்டுவிட்டு நான் வந்து தங்கினேன். ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது, ஆனால் குழாயில் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வந்தது. வீட்டில் இருந்த வாஷிங் மிஷினின் போர்டு அந்தத் தெருவின் ஏறி இறங்கும் கரண்டில் இரண்டு முறை எரிந்துபோனது. ஆகவே கல்லில் போட்டுக் கையால்தான் தோய்த்தேன். சோப்புக் காரத்தில் என் விரல் இடுக்குகள் வெடித்தன. அக்கா பார்க்கக்கூடாதென்று கைகளை முந்தானையில் மறைத்துக்கொண்டுதான் அவளருகில் போவேன். ஒருநாள் சாதம் ஊட்டும்போது பார்த்துவிட்டாள்.

அதற்கு மறுநாளிலிருந்து தண்ணீர் கேட்பதை நிறுத்தினாள். மாத்திரை விழுங்க ஒரு வாய், அவ்வளவுதான். மாமா பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பூனால் ஊட்டப் போனால் பல்லைக் கடித்துக்கொள்வாள். "நீங்க ஊத்திட்டுப் போயிடுவீங்க. அள்ளுறது யாரு? அவதான? எனக்கு வாணாம்." உதடு வெடித்து, நாக்கு தடித்து, பேச்சு குழறியது. நர்ஸ் ஒருத்தி வந்து வீட்டிலேயே டிரிப்ஸ் ஏற்றினாள். டாக்டர் மாமாவை வெளியே அழைத்து, இப்படியே போனால் இரண்டு கிட்னியும் நின்றுவிடும் என்றார். நான் அழுதேன், கெஞ்சினேன், திட்டினேன். சிறு வயதிலிருந்தே தன் உள்பாவாடையை அம்மாவைக்கூடத் தொடவிடாதவள் அவள். என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "என் துணிய நானே தோய்க்க முடிஞ்சா குடிக்கிறேன். முடியாது இல்ல? அப்ப வுட்டுடு."

அடுத்த நாள் மாமா அனந்தபுரத்தில் இடித்துக்கொண்டிருந்த ஒரு பழைய விடுதிக்கு மோட்டார் கழற்றப் போனார். அங்கே விறகுக் கொட்டகையில் கிடந்த அந்த இயந்திரத்தோடு திரும்பினார். அமாவாசை நாள். மேல்மலையனூருக்குப் போகும் கூட்டத்தில் வண்டி மாட்டி, காலையில் போனவர் சாயங்காலம்தான் வந்தார். வந்ததும் அக்காவைப் போய்ப் பார்க்காமல் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து சாப்பாட்டு நேரம் தவிர அங்கேதான் இருந்தார். கியர் பெட்டியில் தாராக உறைந்திருந்த எண்ணெயை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினார். தொட்டியின் துருவை உப்புத்தாளால் தேய்த்தார். உள்ளே அக்காவின் முனகல் கேட்கும். அதற்குமேல் இந்த உரசல் சத்தம் கேட்கும். மூன்றாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை. பின்கட்டுக்குப் போய்க் கத்தினேன்.

"அவ செத்துக்கினு இருக்கா. நீங்க இன்னா மாமா, இரும்பத் தேச்சிக்கினு இருக்கீங்க? பக்கத்துல வந்து உக்காரக்கூடாதா?"

அவர் நிமிரவில்லை. தேய்த்துக்கொண்டே சொன்னார். "இப்ப வர்ற மிஷின்ல துணியப் போட்டா அதுவே எல்லாத்தயும் செஞ்சிடுது. மனுசன் வாணாம். இதுல அப்படி இல்ல பாப்பா. ஒருத்தர் பக்கத்துல உக்காந்து ஒவ்வொரு துணியா ரோலர்ல குடுக்கணும். கை இருந்தா போதும். கால் வாணாம்." பிறகுதான் என்னைப் பார்த்தார். "அவளுக்குக் கை நல்லாத்தான இருக்குது?"

அதன்பிறகு நானும் அந்த வேலையில் சேர்ந்துகொண்டேன். இயந்திரத்தில் பெயர்த்தகடு இல்லை. தகடு இருந்த இடத்தில் நான்கு துளைகள் மட்டும் இருந்தன. எந்த நாட்டில் செய்தது, என்ன கரண்டில் ஓடும், எதுவும் தெரியவில்லை. மாமா மோட்டாரைப் பிரித்து உள்ளே பார்த்துவிட்டு, "கம்பி தடிமனா இருக்குது, சுத்து கம்மியா இருக்குது. நம்ம ஊரு கரண்டுக்குச் செஞ்சது இல்ல. அப்படியே போட்டிருந்தா புகைஞ்சிருக்கும்" என்றார். நான் போனில் தேடினேன். துணி துவைக்கும் பழைய இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர்கள் வெளிநாடுகளில் இருக்கிறார்கள், அவர்களுக்கென்று ஒரு குழுவும் இருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். படங்களைப் போட்டுவிட்டு, போனே மொழிபெயர்த்துக் கொடுத்த ஆங்கிலத்தில் உதவி கேட்டேன். மறுநாள் காலை ஒரு பெரியவர் பதில் எழுதியிருந்தார். தொட்டியின் நடுவில் துணியைக் கலக்கும் தண்டுக்கு எத்தனை இறக்கைகள், கால்கள் எந்தப் பக்கம் வளைந்திருக்கின்றன, உருளைத் தலைக்கு அடியில் என்ன எண் குத்தியிருக்கிறது என்று கேட்டார். எல்லாவற்றையும் படம் பிடித்து அனுப்பினேன். அமெரிக்காவில் செய்தது, எழுபது வருடமாவது இருக்கும், நூற்றுப்பத்து வோல்ட்டுக்கானது என்றார். உருளைகளைச் சட்டென்று விடுவிக்கும் கொக்கி உங்கள் இயந்திரத்தில் காணவில்லை, அது இல்லாமல் ஒருபோதும் ஓட்டாதீர்கள் என்று தனியாக எழுதி, கொக்கியின் படத்தைக் கையால் வரைந்து அளவுகளோடு அனுப்பியிருந்தார். அவருடைய அம்மாவின் கை இப்படிப்பட்ட இயந்திரத்தில் முழங்கைவரை உள்ளே இழுக்கப்பட்டிருக்கிறதாம். அதை நான் மாமாவுக்குப் படித்துக் காட்டியபோது அவர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார்.

மோட்டாருக்கு நம் கரண்டுக்கு ஏற்ப மாமாவே புதுக் கம்பி சுற்றினார். அரிசி மில் உருளைக்கு ரப்பர் போடுபவரிடம் கொடுத்து உருளைகளுக்குப் புது ரப்பர் ஏற்றி வந்தார். லேத்துப் பட்டறையில் உட்கார்ந்து அந்தக் கொக்கியைக் கடைந்து வாங்கினார். இதற்கெல்லாம் மூன்று வாரம் போனது. அக்கா அதற்குள் பாதியாகிவிட்டாள். கண்கள் உள்ளே போய், கன்னத்தெலும்பு துருத்தி, சில நேரம் என்னைப் பார்த்தே யாரென்று கேட்டாள். ஊசி குத்த நரம்பு கிடைக்கவில்லை என்று நர்ஸ் கையைப் பிசைந்தாள். வேலை முடிகிறவரை இவள் இருக்கமாட்டாள் என்றுதான் நான் நினைத்தேன். ஒரு மத்தியானம் பின்கட்டுக்குப் போனேன். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. மாமா தன் இடது கையை உருளைகளுக்கு நேராக நீட்டிக்கொண்டிருந்தார். இரண்டு விரல்களில் நகம் ஏற்கெனவே கறுத்திருந்தது.

"இன்னா பண்றீங்க மாமா!"

"கொக்கி ரெண்டு தடவ லேட்டா வுட்டுச்சு. ஸ்பிரிங்க மாத்தியிருக்கேன்" என்றார். "அவ கையக் குடுக்கறதுக்கு முன்னாடி என் கை போவட்டும்."

நான் தடுப்பதற்குள் விரல்களை உள்ளே விட்டார். அதே நொடியில் வலது கையால், கொக்கியை விடுவிக்க மேலே வைத்திருந்த பட்டையைத் தட்டினார். படீரென்று மேல் உருளை எழும்பிக்கொண்டது. விரல்களை வெளியே எடுத்து மடக்கி நீட்டிப் பார்த்தார். பிறகு, இன்னும் ஒன்பது முறை அதையே செய்தார்.

மறுநாள் அக்காவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, சரியாமலிருக்க இடுப்பில் துண்டால் கட்டி, பின்கட்டுக்குத் தூக்கிப் போனோம். மழை விட்டிருந்தது. எதற்கு என்று அவளிடம் சொல்லவில்லை. தொட்டியில் அவளுடைய விரிப்புகள் சுழன்றுகொண்டிருப்பதை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா ஒரு விரிப்பின் முனையை எடுத்து அவள் கையில் வைத்து, "இத அதுக்குள்ள குடு. இழுத்தா வுட்டுடு. பயமா இருந்தா மேல இருக்கற பட்டையத் தட்டு" என்றார். அவள் கொடுத்தாள். உருளை அதைக் கவ்வி இழுத்து, மறுபக்கம் அப்பளம்போல் தட்டையாகத் தள்ளியது. பிழிந்த நீர் தொட்டிக்குள்ளேயே வடிந்தது. அக்கா அடுத்த முனைக்குக் கை நீட்டினாள். ஆறு விரிப்புகள். முடிந்ததும் மூச்சு வாங்க நாற்காலியில் சாய்ந்துகொண்டு என்னைப் பார்த்து, "ஒரு சொம்பு தண்ணி குடுடி" என்றாள். குடித்தாள். பாதி மார்பில் வழிந்தது. மாமா சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

அதற்குப் பிறகு அக்காவுக்கு இரண்டு மாதம் கிடைத்தது. நல்ல மாதங்கள் என்று சொல்லமாட்டேன். வலி இருந்தது, புண் இருந்தது, சில நாள் நாற்காலியிலேயே மயங்கிச் சரிந்தாள். ஆனால் குடித்தாள், சாப்பிட்டாள். தன்னுடையதோடு நிறுத்தாமல் மாமாவின் லுங்கியையும் என் புடவைகளையும் கேட்டு வாங்கிப் பிழிந்தாள். "இத்தினி நாள் என்னுத நீ தோய்ச்ச இல்ல?" என்பாள். ஒருநாள் அவள் விரல் உண்மையாகவே மாட்டியது. பதற்றமில்லாமல் பட்டையைத் தட்டி, எழும்பிய உருளையைப் பார்த்துச் சிரித்தாள். அந்த நோய்க்காலம் முழுவதிலும் அவள் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். தை பிறந்ததும் கட்டி மேலே ஏறியது. கைகளும் போயின. மறுபடியும் பல்லைக் கடித்துக்கொள்வாள் என்று பயந்து தம்ளரைக் கொண்டுபோனேன். அவள் வாயைத் திறந்தாள். "இனிமே நீயே போடுடி. ரோலர்ல கை பத்திரம்" என்றாள். மாசியில் போய்விட்டாள்.

காரியம் முடிந்து உறவுக்காரர்கள் கலைந்த பிறகு மாமா பின்கட்டில் இயந்திரத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். "மூணு வாரம், பாப்பா" என்றார். "அவ அப்படிக் கிடந்த மூணு வாரமும் நான் இங்க கிடந்தேன். நீ சொன்னது சரிதான். பக்கத்துல உக்காந்திருக்கணும்." தலையில் அடித்துக்கொண்டார். அந்த வார்த்தைகளைச் சொன்னவள் நான். அவை அவருக்குள் இத்தனை நாள் தங்கிவிட்டன என்று எனக்குத் தெரியாது. அக்கா கடைசி வாரத்தில் என்னிடம் சொன்ன ஒன்றை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அதை அப்போது சொன்னேன்.

"மாமா, அக்கா சொன்னா: 'அவரு என் பக்கத்துல உக்காந்து அழுதுக்கினு இருந்திருந்தா நான் அப்பவே போயிருப்பேன்டி. பின்னால அந்தத் தேய்க்கிற சத்தம் கேட்டுச்சு பாரு, இன்னாதான் பண்றாருன்னு பாத்துட்டுப் போவலாம்னு இருந்தேன்.'"

அவர் தலையிலிருந்து கையை எடுத்தார். பிறகு, "எப்ப சொன்னா?" என்று கேட்டார். சொன்னேன். "இன்னொரு தடவ சொல்லு" என்றார். சொன்னேன்.

இப்போதும் செஞ்சிக்குப் போகும்போதெல்லாம், சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு, ஏதோ புதிதாக ஞாபகம் வந்ததுபோல, "அவ இன்னாவோ சொன்னான்னியே, அது இன்னா பாப்பா?" என்று கேட்கிறார். போன வாரமும் கேட்டார். ஒரு வார்த்தைகூட மாற்றாமல் சொன்னேன்.