அம்மாவுக்கு வைத்த பாண்

எண்பதுகளின் நடுவில் ஒரு குளிர்காலம், யூதக் குடும்பங்கள் வந்து தங்கும் எங்கடின் பள்ளத்தாக்கு ஹோட்டல் ஒன்றில் பாத்திரம் கழுவினேன். சுவிஸுக்கு வந்தபின் அது நாலாவது இடம். சமையல் அவர்கள் முறைப்படி நடக்கிறதா என்று பார்க்க அங்கே ஒரு கிழவர் இருந்தார். வெள்ளிக்கிழமைகளில் பாணுக்குக் குழைத்த மாவில் ஓர் உருண்டை கிள்ளி, மந்திரம் சொல்லி, போறணையில் வைத்துக் கரியாக்குவார். முற்காலத்தில் அது கோயில் பூசாரியின் பங்காம். இப்போது அந்தக் கோயில் இல்லை. கடவுளுக்கென்று எடுத்ததை வேறு யாரும் தின்னக்கூடாதாம். கரியை நான் குப்பையில் கொட்டுவேன்.

தை மாதம் கடிதம் வந்தது. அம்மா செத்து, முப்பத்தொன்றாம் நாள் படையலும் முடிந்திருந்தது. நான் மட்டும் ஒன்றும் படைக்கவில்லை. என்னோடு அகதி முகாமில் இருந்த அண்ணை ஒருவர் அப்போது ஓல்டனில் வேலை செய்தார். அவருக்குப் போன் எடுத்தேன்.

"எதையெண்டாலும் வைச்சுக் கும்பிடு. தனியச் சாப்பிடாதை. ஒரு ஆளுக்காவது குடுக்கவேணும்."

"இஞ்சை ஆர் இருக்கினம்? நீங்கள் வாங்கோவன்."

"லீவு கேட்டால் முதலாளி எனக்கும் சேர்த்துப் படைச்சுப் போடுவான்."

அறையில் அடுப்பு இல்லை. வெள்ளி மத்தியானம் கிழவரிடம் அம்மா செத்ததைச் சொன்னேன். சூடான பின்னல் பாண் ஒன்றை எடுத்துத் தந்தார். அறை மேசையில் அதை வைத்து, பக்கத்தில் தேத்தண்ணி வைத்தேன். படம் இல்லை. கடிதத்தைச் சாத்தி வைத்து, திருநீறு பூசிக் கும்பிட்டேன். பிறகு பாணை இரண்டாகப் பிய்த்துக்கொண்டு கீழே இறங்கினேன். விருந்தாளிகள் குடும்பம் குடும்பமாகச் சாப்பிடுவார்கள்; கிழவர் அடுப்படி மூலையில் தனியே சாப்பிடுவார். அவரைத்தான் நினைத்திருந்தேன்.

ஒரு பாதியைக் கொடுத்தேன். வாங்கக் கையை நீட்டியவர் என் நெற்றித் திருநீற்றைப் பார்த்தார்.

"இதை அம்மாவுக்கு வைச்சனீரோ?" என்று டொச் பாஷையில் கேட்டார்.

இல்லை என்றிருந்தால் சாப்பிட்டிருப்பார். "ஓம்," என்றேன்.

கையை மடியில் வைத்துக்கொண்டார். "செத்தவைக்கு வைச்சதை நாங்கள் சாப்பிடேலாது. ஆதியிலை இருந்தே அப்பிடித்தான்."

கோபமாகச் சொல்லவில்லை. எதிரே இருந்த கதிரையைக் காட்டினார். இருந்து, இரண்டு பாதியையும் நானே தின்றேன். கிழவர் தண்ணீர் ஊற்றித் தந்தார். பொழுதுபடத் தொடங்கும் அவர்களுடைய ஓய்வுநாளுக்கு நேரமாகிறதென்று மேலேயிருந்து இரண்டு தரம் கூப்பிட்டார்கள். நான் முடிக்கும்வரை அவர் எழும்பவில்லை.

பனி கரைய, நான் பீல் நகருக்குப் போய்விட்டேன். அங்கிருந்து போன் எடுத்தபோது அண்ணை கேட்டார்: "ஆரும் சாப்பிட்டவையோ?"

"ஒரு ஆள் பக்கத்திலை இருந்தவர்," என்றேன்.