எட்டு அடி தூரம்

மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்தும் அவரை எல்லோரும் ஃபிட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். கடை அவர் மனைவியின் தம்பியுடையது. ஒரு காலத்தில் பைபோலார் நோய் அவரைப் பாடாய்ப் படுத்தியது. சில மாதம் வாய் ஓயாத பேச்சு, கண்டதையெல்லாம் வாங்கிக் குவிப்பது. சில மாதம் போர்வைக்குள்ளேயே குடித்தனம். மாத்திரை சரியாக அமைந்து நான்கு வருடமாக மனம் அமைதியாக இருந்தது. அத்தோடு விட்டது சனியன் என்று வீடே பெருமூச்சு விட்டது.

எங்கே விட்டது? முன்பக்கக் கவுண்டரில் கண் அளவுச் சீட்டைப் படித்துவிட்டு மிஷினுக்குப் போக எட்டு அடி. அதற்குள் எண் மறந்துவிடும். திரும்பி வந்து பார்ப்பார்; மறுபடியும் மறக்கும். வழியில் யாராவது ஒரு வார்த்தை பேசிவிட்டால் போச்சு. வயசாகுதில்ல என்று சிரித்து மழுப்புவார். வயது நாற்பத்திரண்டு.

ஒருநாள் ஒரு டீச்சருக்கு வலது லென்ஸை இடதிலும் இடதை வலதிலும் மாட்டிக் கொடுத்துவிட்டார். அந்த அம்மாள் கடைப்படியிலேயே தடுமாறி, நல்லவேளை, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். ஃபிட்டருக்கு உயிரே போய்விட்டது. இனி மிஷினைத் தொட மாட்டேன், பெருக்கித் துடைக்கிற வேலை இருந்தால் கொடு என்று மைத்துனனிடம் சொல்லிவிட்டார். இருபது வருடம் பழகிய மிஷின்.

மைத்துனன் அவரை மாத்திரை எழுதித் தரும் டாக்டரிடம் கூட்டிப் போனான். டாக்டர் சில எண்களைச் சொல்லி, கடைசியிலிருந்து திருப்பிச் சொல்லச் சொன்னார். இன்னும் ஏதேதோ சோதித்தார். இந்த நோயில் மனம் நிலைக்கு வந்த பிறகும் சிலருக்கு ஞாபகமும் கவனமும் பின்தங்குவது உண்டு என்று விளக்கினார். "இது சோம்பேறித்தனமும் இல்ல, உங்க தப்பும் இல்ல." இத்தனை நாளும் தன்னைத்தானே திட்டிக்கொண்டிருந்த மனிதர் அங்கேயே அழுதுவிட்டார்.

மறுநாள் கடைக்குப் போனால், மிஷின் கவுண்டரை ஒட்டி நின்றது. பக்கத்தில் ஒரே ஒரு தட்டு. அதில் ஒரே ஒரு ஜோடி லென்ஸ், வலதுக்குச் சிவப்புப் புள்ளி. மற்ற வேலையெல்லாம் அலமாரிக்குள். கண்ணாடி கிடைக்க ஒரு நாள் கூடுதலாகும் என்று வாசலில் மைத்துனன் எழுதியும் ஒட்டியிருந்தான்.

"எனக்காகவா மாப்ள இவ்வளவும்?"

"மிஷினை நகர்த்திடலாம் மாமா. உங்க கைக்கு நான் எங்க போவேன்?"

நன்றி என்று சொன்னால் அழுகை வந்துவிடும் போலிருந்தது. இருந்தாலும் சொன்னார், அழுகையும் வந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு மிஷின் முன்னால் உட்கார்ந்தார்.

"சரி, சீட்டை வாசி. மெதுவா வாசி."