படித்துறைக்கு வந்த விருந்தாளி

எங்கள் வீட்டுக்கு விருந்தாளி வருகிறார் என்றால் உம்மா தெருவைத் தெருமுனையிலிருந்தே கூட்டிப் பெருக்கிக்கொண்டு வருவாள். வீட்டு வாசலைக் கூட்டினால் போதாதா என்று வாப்பா கேட்பார். வருகிறவர் பறந்தா வருவார், தெரு வழியாகத்தானே வருவார் என்பது உம்மாவின் கட்சி. இந்த நியாயத்தை மறுத்துப் பேச எங்கள் தெருவில் ஆள் கிடையாது, ஏனென்றால் மற்ற வீடுகளிலும் அதே கதைதான். மதுரை கோர்ட்டிலிருந்து ஒருவர் வந்தபோது, அந்தப் பழக்கமே வாப்பா போட்டிருந்த கேஸுக்கு உலை வைக்கப் பார்த்தது.

எங்கள் ஊர் ஏரலுக்கு மேற்கே, தாமிரபரணியை ஒட்டி இருக்கிறது. பாபநாசத்தில் மலையிறங்குகிற தண்ணீர் எத்தனையோ ஊர்களைக் கடந்து, ஒவ்வோர் ஊரும் கொடுப்பதை வாங்கிக்கொண்டு எங்களிடம் வந்து சேரும். எங்கள் ஊரும் தன் பங்குக்குச் சும்மா இருக்கவில்லை. ஊர்ச் சாக்கடை முழுவதும் ஒரே ஓடையாகத் திரண்டு படித்துறைக்குப் பக்கத்தில் ஆற்றில் விழுந்தது. அதற்குச் சற்றுக் கீழேதான் உறைகிணறு. அங்கிருந்து ஏற்றுகிற தண்ணீர்தான் ஊர்க் குழாய்களில் வரும். நான் நாலாவது படிக்கும்போது தம்பிக்கு மஞ்சள் காமாலை வந்தது. திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் கிடந்து, பிழைத்ததே பெரிய காரியம் என்று எழுந்து வந்தான். இன்னொரு தடவை வந்தால் கல்லீரல் தாங்காது, தண்ணீரைக் கவனியுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

அன்றிலிருந்து உம்மா கேன் தண்ணீர் வாங்கினாள். வாப்பாவுக்கு அது போதவில்லை. பள்ளிக்கூடத்தில் பையன் குழாயில் வாய் வைக்கமாட்டான் என்று யார் உத்தரவாதம் தருவது? பேரூராட்சிக்கு நடையாய் நடந்து பார்த்தார். கடைசியில், ஏரல் பஜாரில் சின்ன ஜவுளிக்கடை வைத்திருந்த அந்த மனிதர், மதுரைக்குப் போய் வழக்குப் போட்டுவிட்டு வந்தார். "ஜவுளிக்காரருக்குச் சாக்கடையில என்ன வே ஜோலி?" என்று பஜாரில் கேட்டார்கள். சொந்த ஊர் நாறுகிறது என்று கோர்ட்டில் எழுதிக் கொடுத்தவர் என்ற பெயர் மட்டும் அவருக்கு உடனே கிடைத்துவிட்டது.

சாக்கடை ஆற்றில் விழவே இல்லை என்று பேரூராட்சி சாதித்தது. அப்படியானால் ஒருவர் நேரில் போய்ப் பார்த்து அறிக்கை கொடுக்கட்டும் என்று கோர்ட் ஒரு பெண் வக்கீலை ஆணையராக நியமித்தது. மொத்தக் கேஸும் அந்த அறிக்கையை நம்பித்தான் இருந்தது. இதை வாப்பா வீட்டில் விளக்கிச் சொல்லியிருக்கலாம். பெண்களுக்கு இதெல்லாம் எதற்கு என்று நினைத்தாரோ என்னவோ, "சனிக்கிழமை கோர்ட்டுலேருந்து ஒரு அம்மா வாராவ. நம்ம படித்துறையப் பாக்கணுமாம்" என்று மட்டும் பெருமையாகச் சொல்லிவிட்டு, அந்த அம்மாவைக் கூட்டிவர மதுரைக்கு பஸ் ஏறிவிட்டார்.

உம்மாவுக்கு அவ்வளவு போதும். தெருவிலிருந்த மாமிமாரைக் கூட்டினாள். அடுத்த வீட்டு மாமியின் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள், சாக்கடை நாற்றம் தாங்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டே உட்கார்ந்திருந்துவிட்டு, பிறகு பதிலே சொல்லாமல் இருந்துவிட்டார்கள். அந்த அவமானம் தெருவுக்கே ஆறவில்லை. "மதுரையிலேருந்து வார அம்மாவும் மூக்கப் பொத்திக்கிட்டுப் போணுமாக்கும்?" என்று கேட்டாள் அந்த மாமி.

அதற்குப் பிறகு நடந்தவை கல்யாணத்துக்கு முந்தின நாள் வேலைகளைப் போல இருந்தன. இளவட்டங்கள் ஆற்றில் மண்டிக் கிடந்த அமலைச்செடியை வாரி வண்டியில் ஏற்றி அப்புறப்படுத்தினார்கள். சாக்கடை ஓடையை மேலேயே மண்மூட்டை போட்டு அடைத்து, அதன் வாயைத் தென்னை ஓலையால் மறைத்தார்கள். விருந்தாளி வந்து போகிறவரைக்கும் தாங்கினால் போதும் என்பது ஏற்பாடு. பெண்கள் படிக்கட்டைத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்தார்கள். எனக்குக் கடைசிப் படி. தண்ணீருக்குள் கையை விட்டுப் பாசியைச் சுரண்டி எடுத்தேன். சனிக்கிழமை காலையில் பார்த்தால் தண்ணீருக்கு அடியில் மணல் தெரிந்தது. எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

காரிலிருந்து இறங்கிய வாப்பா, தூக்கத்தில் வேறு ஊரில் இறங்கிவிட்டவர் போல நின்றார். பின்னாலேயே வந்த பேரூராட்சி வக்கீலும் திகைத்துத்தான் போனார். ஆனால் அவர் சீக்கிரம் தெளிந்துவிட்டார். "எங்க மேடம் சாக்கடை? பன்னீர் தெளிச்ச மாதிரில்லா இருக்கு" என்றார். வீட்டுப் பெண்கள் சுத்தம் செய்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று வாப்பா மென்று விழுங்கியபோது அவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்த அம்மா சிரிக்கவில்லை. கண்ணால் பார்ப்பதைத்தான் எழுத முடியும் என்று வாப்பாவிடம் சொல்லிவிட்டு எழுதத் தொடங்கினார். முக்காட்டுக்குள் பெருமையாகச் சிரித்துக்கொண்டு நின்ற உம்மா, வாப்பாவின் முகத்தைப் பார்த்ததும் பையச் சிரிப்பை நிறுத்தினாள்.

வெயில் ஏறிவிட்டது. வீட்டில் பிரியாணி தயாராக இருந்தது. வழக்குப் போட்டவர் வீட்டில் கை நனைக்கக் கூடாது என்று அந்த அம்மா மறுத்துவிட்டார். கடைசியில் என்னைப் பார்த்து, "குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா பாப்பா?" என்று கேட்டார். என் கையில் செம்பு இருந்தது. விருந்தாளி கால் கழுவ வீட்டிலிருந்து தண்ணீர் கொண்டுவந்த செம்பு. உம்மாவின் கல்யாணச் சீரில் வந்த வெண்கலம், பெருநாளைக்குத்தான் பெட்டியிலிருந்து வெளியே வரும். நான் யோசிக்கவே இல்லை. ஆற்றுத் தண்ணீர் அழுக்கு என்று சொல்லியிருந்தார்கள்தான். ஆனால் அழுக்கைத்தான் நாங்கள் தேய்த்து எடுத்துவிட்டோமே! நானே தேய்த்த படியில் இறங்கி, மணல் தெரிகிற தண்ணீரை முகந்து கொண்டுவந்து நீட்டினேன்.

அவர் கை செம்பைத் தொடுவதற்குள் உம்மா பாய்ந்து வந்து என் கையில் ஓங்கி ஓர் அடி போட்டாள். செம்பு படிகளில் உருண்டு ஆற்றில் விழுந்தது.

"ஏட்டி, இதப் போயா குடிக்கக் குடுக்க?"

"ஏம்மா, தண்ணி நல்லாத்தானே இருக்கு?" என்றார் அந்த அம்மா.

உம்மா பளபளவென்று இருந்த படித்துறையைப் பார்த்தாள். வாப்பாவைப் பார்த்தாள். வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற தம்பியைப் பார்த்தாள். பிறகு மேட்டில் நின்ற இளவட்டங்களைப் பார்த்து, "ஏலே, மூட்டையத் தூக்குங்கலே" என்றாள்.

அடைபட்டுக் கிடந்த சாக்கடை ஓலையைத் தள்ளிக்கொண்டு கறுப்பாக இறங்கியது. மணல் மறைந்தது. எதிர் வக்கீல் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மேலே ஏறினார். அந்த அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டே எழுதினார். இந்தத் தடவை யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. மாமிமார் அவரவர் வீட்டு வாந்திபேதியையும் காமாலையையும் சொல்ல முண்டியடித்தார்கள். அடுத்த வீட்டு மாமி, "எம் மவளுக்குச் சம்பந்தம் போனதையும் எழுதிக்கிடுங்கம்மா" என்றாள். அதையும் எழுதிக்கொண்டாரா என்று தெரியாது.

உத்தரவு வந்தது. பேரூராட்சி அவகாசம் வாங்கி, மறுபடியும் அவகாசம் வாங்கி, சாக்கடையைத் திருப்பி ஊருக்கு வெளியே சுத்திகரிப்புத் தொட்டி கட்டி முடித்தபோது நான் கல்லூரிக்குப் போய்விட்டேன். தம்பிக்கு மறுபடி காமாலை வரவில்லை. அவன் இப்போது துபாயில், கடல் தண்ணீரை நல்ல தண்ணீராக மாற்றிக் குடித்துக்கொண்டிருக்கிறான்.

அன்று எனக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. ஊருக்கு முன்னால் அடி வாங்கிவிட்டேன். நான் தேய்த்த படி பாழாய்ப் போனது. தேம்பித் தேம்பி அழுதேன். அழுகைக்கு நடுவிலும் செம்பை நினைத்துத்தான் பயந்தேன். ஒரு கண்ணாடித் தம்ளர் உடைந்தாலே நாள் கணக்கில் சொல்லிக் காட்டுகிறவள் உம்மா. கல்யாணச் செம்பு போனதற்கு என்ன பாடு படுத்தப்போகிறாளோ என்று மூலையில் உட்கார்ந்திருந்தேன். அவள் கேட்கவே இல்லை. பிரியாணியைத் தெருவுக்கெல்லாம் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு, தம்பியை மடியில் வைத்து ஊட்டினாள். செம்பு தொலைந்ததை அவள் கவனிக்கவில்லை, தப்பித்தேன் என்று நான் நினைத்துக்கொண்டேன்.