ஒன்றும் வராத ஒரு மணி நேரம்

பௌர்ணமியன்று எனக்கு மாற்று ஆள் வரவில்லை. கிரிவலப் பாதையில் ஆட்டோவை விடமாட்டேன் என்கிறார்கள் என்று போனில் சொல்லிவிட்டாள். முந்தின ராத்திரியிலிருந்து நான்தான் அந்த மாடி வீட்டில் இருந்தேன். நான் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு வெள்ளைக்கார அம்மாவை. இந்த ஊருக்கு வந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. இடுப்பெலும்பு முறிந்தபிறகு கட்டில், சக்கர நாற்காலி, நான். காய்கறிக்காரர்களிடம் கற்ற தமிழ் பேசுவார்.

அன்று அவருக்கு ஒரே பரபரப்பு. அவர் சின்னப் பெண்ணாக இருந்தபோது லண்டன் டிவியில் ஒரு நாள் என்னென்ன வருமோ, அதே வரிசையில் பழைய நிகழ்ச்சிகளைச் சேர்த்து மகன் பென் டிரைவில் அனுப்பியிருந்தார்.

"எல்லாரும் வரணும். டிவி தனியா பாக்கக் கூடாது" என்று கீழ்வீட்டுக்காரம்மாவையும் அவர் மகளையும் கூப்பிடச் சொன்னார்.

மதியம் நிகழ்ச்சி ஆரம்பித்தது. திரையில் முத்துமாலை போட்ட ஒரு பெண் மாவு பிசைந்தாள்.

"கலரே இல்லையாங்க?" என்றார் கீழ்வீட்டம்மா.

அடுத்து நூல் பொம்மைகள் ஆடின. நூல் பளிச்சென்று தெரிந்தது. அதைப் பார்த்துத்தான் கீழ்வீட்டுக் குழந்தை சிரித்தது. நான் நடுநடுவே எழுந்து டீ போட்டேன், மாத்திரை கொடுத்தேன், அம்மாவைத் திருப்பி உட்காரவைத்தேன். கண் எரிந்தது.

ஆறு மணிக்குத் திரை கறுத்துவிட்டது. கெட்டுப்போய்விட்டதென்று பென் டிரைவைப் பிடுங்கப் போனேன்.

"தொடாத! இப்ப ஒரு மணி நேரம் ஒண்ணும் வராது. பசங்கள தூங்க வெக்கற நேரம்."

அந்தக் காலத்தில் அவர்கள் ஊரில் சாயங்காலம் ஒளிபரப்பையே நிறுத்திவிடுவார்களாம். மகன் அதையும் விடாமல் சேர்த்திருந்தார்.

"இந்நேரத்துக்கு எந்தப் புள்ளைங்க தூங்கும்? எனக்கு அடுப்புல வேலை கெடக்குதுங்க" என்று கீழ்வீட்டம்மா மகளோடு இறங்கிப் போனார்.

"அதுக்கப்புறம் வர்றத நான் பாத்ததே இல்ல. படுக்கையில இருந்து சத்தம் மட்டும் கேப்பேன். எல்லாரும் சிரிப்பாங்க" என்றார் அம்மா.

இருவரும் கறுப்புத் திரையைப் பார்த்தபடி இருந்தோம். அப்படியே நாற்காலியில் தூங்கிப்போனேன்.

விழித்தபோது டிவியில் கோட்டு போட்ட நாலு பேர் ஏதோ கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அம்மாவுக்குக் கீழே விரித்திருந்த பழைய புடவைத்துணி முழுக்க மூத்திரத்தில் நனைந்திருந்தது.

"ஏம்மா கூப்பிடல?"

"நீ தூங்குன. எனக்கும் பாக்கணும்" என்றார்.

எனக்கு வந்தது கோபமா அழுகையா தெரியவில்லை. டிவியை நிறுத்திவைத்து, அவரைத் தூக்கி, துடைத்து, வேறு துணி விரித்தேன். என் முதுகு விட்டுப்போயிற்று. டிவியை மறுபடி போட்டேன். கூடவே உட்கார்ந்தேன். கோட்டுக்காரர்கள் சிரித்தார்கள். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

"அவ்ளோதானா?" என்று கேட்டார், முடிந்ததும்.

"அவ்ளோதாம்மா."

தலையாட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு இட்லியைப் பிசைந்து ஊட்டினேன். கண்ணைத் திறக்காமலேயே சாப்பிட்டார்.

காலையில் மாற்று ஆள் வந்தாள். தெருவெல்லாம் தண்ணீர் பாக்கெட் கிடந்தது. நடந்தே வீட்டுக்குப் போய், குளிக்காமல் படுத்தேன்.