வேனில் வந்த ஏழு லோயர்கள்

கடந்த திங்கட்கிழமை மாத்தளையில் ஒரு சட்டத்தரணி என்னை வாயை மூடிக்கொண்டு உட்காரச் சொன்னார். என் மகள் வயதுதான் இருக்கும் அவருக்கு. வாரா வாரம் பத்திரிகையின் இந்த மூலையில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறவன் நான்... எனக்கு எப்படி இருந்திருக்கும்?

கோபம் வந்தது. இன்னும் அடங்கவில்லை. ஆனால் அது அந்தப் பிள்ளை மீது அல்ல.

என் இரண்டாவது அக்கா சரஸ்வதி. யட்டவத்தப் பக்கம் இருபது பேர்ச் காணியில் தனியாக இருக்கிறாள். அவளும் அவள் புருஷனும் கொழுந்து பறித்தும் மிளகு காயவைத்தும் சேர்த்ததில் வாங்கிய காணி. புருஷன் போய்விட்டார். போன வருடம் அவள் தேர்த் திருவிழாவுக்குப் போய்த் திரும்புவதற்குள் பக்கத்துக் காணிக்காரர் வேலியைப் பிடுங்கி உள்ளே தள்ளி நட்டுவிட்டார். புது வேலி வந்து சரஸக்கா சமைக்கிற குசினியின் சுவரில் முட்டி நிற்கிறது. அப்படிப் பார்த்தால் குசினியில் பாதி அவருடையதாம்!

அத்தோடு விட்டாரா? குசினியை இடித்து இடத்தைக் காலி செய்து தரச் சொல்லி வழக்கும் போட்டுவிட்டார்.

நீதிமன்றக் கடதாசிக் கட்டு வீட்டுக்கு வந்த அன்றே குடும்பம் கூடியது. லோயர் பிடிக்கவேண்டும். எப்படிப்பட்ட லோயர்? பெரிய லோயர். சத்தமாகப் பேசுகிறவர். சுவர் முழுக்கத் தடிப் புத்தகம் வைத்திருக்கிறவர். அவர் காணி வழக்குப் பார்க்கிறவரா என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை, நான் உட்பட. பெரிய லோயர்கள் இரண்டு பேர் நேரமில்லை என்று கைவிரித்த பிறகுதான் காணி வழக்குகளை மட்டுமே பார்க்கும் இந்த இளம்பெண்ணிடம் போய்ச் சேர்ந்தோம். அதிலும் எங்கள் கெட்டித்தனம் ஒன்றும் இல்லை.

சரி, முதல் சந்திப்புக்கு நாங்கள் தயாரான விதத்தைக் கேளுங்கள். முதலில் வேன் பேசினோம். பேச்சாளர் யார் என்பதில் போட்டியே இல்லை — முருகேசு அத்தான். எங்கள் மூத்த அக்காவின் கணவர். இரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் பாதையில் ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் சிங்களம் பேசினால் சிங்களவரே ஒரு நிமிடம் நின்று கேட்பார்கள். பொலிஸ், கச்சேரி, ஆஸ்பத்திரி என்று எங்கே போனாலும் எங்கள் குடும்பத்துக்கு வாய் அவர்தான்.

அடுத்தது என் பங்கு. நான்தான் எழுத்தாளன் ஆயிற்றே! அக்காவை உட்காரவைத்துக் கேட்டு, வழக்கின் கதையை நான்கு பக்கத்தில் எழுதினேன். முடிக்கும் நேரத்தில் அவள் சொன்னாள்:

"தம்பி, வேலி போட்ட அடுத்த வாரம் பொலிஸ்ல ஒரு கடதாசியில எங்கிட்ட கையெழுத்து வாங்குனாங்கடா. அதையும் எழுது."

"அது வேணாங்க்கா. அதையெல்லாம் சொன்னா லோயர் கேஸை எடுக்கவே மாட்டாங்க."

சொன்னவன் நான்தான். நான் எத்தனை வழக்கு வாதாடியிருக்கிறேன்? ஒன்றுமில்லை. பத்தியில் பிடிக்காத வரியை அடிப்பது போல அவள் வரியையும் அடித்துவிட்டேன். போதாக்குறைக்கு ஆளுக்கு ஆள் அவளுக்கு ஒரே அறிவுரை: "நீ பேசாம இரு. அத்தான் பேசுவாரு."

மாடியில் சின்ன அறை. இரண்டு நாற்காலி. உள்ளே போனது ஏழு பேர். கதவில் பெயர் மூன்று மொழியிலும் இருந்தது. அந்தப் பெண் மாத்தளை முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை, வீட்டில் பேசுவது தமிழ். அத்தான் அதையெல்லாம் கவனித்தாரா? அட்சர சுத்தமான சிங்களத்தில் ஆரம்பித்தார். யட்டவத்தப் பாதை எப்போது அகலமாக்கப்பட்டது என்பதிலிருந்து ஆரம்பித்தார்! நடுவில் புகுந்து, எங்களோடு வேனில் வந்த கோயில் கமிட்டித் தலைவர் ஒரு பக்கம் பேச, என் மனைவி ஒரு பக்கம். அக்கா மூலையில் கைப்பையை அணைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு ஒரு நாற்காலியைக்கூட நாங்கள் விட்டுக்கொடுக்கவில்லை.

பத்து நிமிடம் பொறுத்த அந்தப் பெண் தமிழில் கேட்டார்:

"ஐயா, வழக்கு யாருட பேர்ல?"

"நம்ம சரஸ்வதி பேர்லதாங்க மிஸ். அதுக்கு ஒன்னும் தெரியாதுங்க. என்னையக் கேளுங்க."

"அவங்களத்தான் கேக்கணும். மத்தவங்க எல்லாரும் கொஞ்சம் வெளிய இருங்க."

நான் எழுந்திருக்கவில்லை. விபரமெல்லாம் எழுதிக்கொண்டு வந்திருப்பதாகச் சொல்லி நான்கு பக்கத்தை நீட்டினேன்.

"சரி, நீங்க இருங்க. ஆனா வாய மூடிக்கிட்டு இருக்கணும்."

முதல் பக்கத்தை வாசித்தார். மற்ற மூன்றையும் தொடவே இல்லை. "நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா இதுல ஒரு திகதி கூட இல்லையே," என்று மேசை ஓரத்தில் வைத்துவிட்டு அக்காவை உட்காரவைத்துக் கேட்க ஆரம்பித்தார். குசினி எப்போது கட்டினது? யார் கட்டினது? பழைய வேலி எந்த மரத்தோடு போனது? நட்டதை யார் பார்த்தது?

ஒன்றும் தெரியாத என் அக்கா ஒன்றுவிடாமல் சொன்னாள். சுவர் கட்டிய பாசானாரின் பெயர், சீமெந்து இறங்கிய நாள், வேலி போட்ட அன்று வீட்டிலிருந்த அயல்காரி யார் என்பது வரைக்கும்! நான் அவளிடம் இதில் ஒன்றைக்கூடக் கேட்டிருக்கவில்லை. அவள் அழுததைத்தான் எழுதியிருந்தேன்.

பிறகு அந்தப் பெண் நீதிமன்றக் கட்டைப் புரட்டி, அடியிலிருந்த, சிங்களத்தில் எழுதிய ஒரு தாளின் போட்டோ கொப்பியைத் திருப்பிக் காட்டினார். "இது உங்கட கையெழுத்தா?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"என்னோடதுதாங்க மிஸ். தம்பிதான் சொல்ல வேணாம்னுச்சு."

"இதுல என்ன எழுதியிருக்குன்னு தெரியுமா? புது வேலிதான் எல்லை, அதுக்கு எனக்குச் சம்மதம்னு எழுதியிருக்கு."

"ஐயோ, இல்லீங்க மிஸ்! ரெண்டு பக்கமும் சண்டை போடாம இருக்கிறதா எழுதியிருக்குன்னுதானே சொன்னாங்க? அத்தான் வாசிச்சுப் பாத்துட்டு, சரி, போடுன்னாரு."

அத்தான் உள்ளே அழைக்கப்பட்டார். "ஐயா, இத கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்க."

தாளைக் கையில் வாங்கினார். வெளிச்சம் போதவில்லை என்றார். அந்தப் பெண் லைட்டைப் போட்டார். எழுத்து கிறுக்கலாக இருக்கிறது என்றார். அதற்கு அந்தப் பெண் நீதிமன்றக் கட்டிலிருந்து டைப் அடித்த தாள் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அத்தான் அதைத் தூரத்தில் பிடித்தும் கிட்ட வைத்தும் பார்த்தார். பிறகு மெதுவாக மேசையில் வைத்தார்.

"பேச்சுன்னா எனக்கு அத்துப்படிங்க மிஸ். வாசிக்கிறதுதான்..."

எங்கள் குடும்பத்தின் எத்தனை கடதாசிகளுக்கு இவர் தலையாட்டியிருப்பார்! எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தமிழும் இந்த நாட்டில் அரச கரும மொழி என்று சட்டம் சொல்கிறது. அப்படியிருக்க, ஓர் எழுத்துக்கூடத் தெரியாத மொழியில் எழுதி, பென்சிலால் புள்ளடி போட்டு, 'இங்கே வையுங்கள்' என்று ஒரு பெண்ணிடம் நீட்டிய பொலிஸ்காரரைச் சும்மா விடலாமா? வாசிக்கத் தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்ல மானம் இடம்கொடுக்காத இந்த மனிதரை என்ன செய்வது?

இருங்கள். என்னை என்ன செய்வது?

அந்தக் கட்டு ஒரு வாரம் என் மேசையில் கிடந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பார்த்தேன், அவ்வளவுதான். பஸ் போர்டைத் தாண்டி எனக்கும் சிங்கள எழுத்துத் தெரியாது. பக்கத்து வீட்டுச் சிங்கள டீச்சரிடம் கொடுத்திருந்தால் ஐந்து நிமிடத்தில் வாசித்துச் சொல்லியிருப்பார். கேட்க வெட்கம். எழுத்தாளன் போய், எனக்கு இதை வாசித்துக் காட்டுங்கள் என்று நிற்பதா? நம்மில் எத்தனை பேர் இப்படி! கடையில் சிங்களத்தில் பேரம் பேசுவோம், பஸ்ஸில் சண்டை பிடிப்போம், ஒரு கடதாசியைக் கையில் கொடுத்தால் முகத்தைப் பெரிதாக வைத்துக்கொண்டு தலையாட்டுவோம்.

அந்தப் பெண் எங்கள் யாரையும் திட்டவில்லை.

"இன்னைக்கே தெரிஞ்சது நல்லம். நீங்க மறைச்சு, நான் கவனிக்காம விட்டு, கோட்ஸ்ல அவங்கட லோயர் எடுத்துக் காட்டியிருந்தா நான் முழிச்சிக்கிட்டு நிண்டிருப்பன். இங்க சொல்றது இந்த அறைய விட்டு வெளிய போகாது. உங்களுக்குப் பாதகமானத முதல்ல சொல்லுங்க. சாதகமானத நான் தேடிக்கிறன்."

அக்கா கேட்டாள்: "என் குசினி தப்புமாங்க மிஸ்?"

"தப்பும்னு இப்ப சத்தியம் பண்ண மாட்டன். உங்களுக்கு விளங்குற பாஷையில இத வாசிச்சுக் காட்டல்லன்னு நாங்க காட்டணும். அதுக்கு ஐயா கூண்டுல ஏறி, எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது, தெரிஞ்ச மாதிரி தலையாட்டினேன்னு சொல்லணும். சொல்லுவாரான்னு கேட்டுக்கிட்டு அடுத்த வாரம் புதன்கிழமை வாங்க. காணி உறுதியையும் மத்தக் கடதாசிகளையும் கொண்டு வாங்க." என்னைப் பார்த்து, "கதை வேணாம்," என்றார்.

கீழே வேனருகே அத்தான் பொரிந்து தள்ளினார்.

"வேற வழி பாக்கச் சொல்லு அந்தப் புள்ளைய! நாலு பேரு முன்னாடி நான் அதை எப்புடிச் சொல்றது? தோட்டத்துல எனக்குன்னு ஒரு மரியாத இருக்கு."

சரஸக்கா அவர் முகத்தைப் பார்த்துப் பேசி நான் கண்டதில்லை. அன்றைக்குப் பார்த்தாள்.

"அதே நாலு பேரு முன்னாடிதான் அத்தான் என் குசினிய இடிப்பாங்க. அத நான் எப்புடிப் பாத்துக்கிட்டு நிக்கிறது?"

அத்தான் முன் சீட்டில் ஏறிக் கதவை அடித்துச் சாத்தினார். யட்டவத்த வரும்வரை ஒரு வார்த்தை இல்லை. இன்றுவரை இல்லை. போனைக்கூட எடுப்பதில்லை. வரும் புதன்கிழமை அக்கா உறுதியை எடுத்துக்கொண்டு தனியாகவே போகப் போகிறாளாம். வேன் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

அத்தான், இந்தப் பேப்பர் தமிழில்தான் வருகிறது... வாசித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.